ஆவாரம் விதை முளைக்கவே மாட்டேங்குது, வேலியோரம் ஒரு வரிசை வளர்க்கணும், வழி சொல்லுங்க

சரளைக்காட்டான்

வணக்கம் மக்களே. எங்க காட்டுல வடக்கு ஓரம் கம்பிவேலிய ஒட்டி ஒரு வரிசை ஆவாரை வைக்கலாம்னு இருக்கேன். கிருஷ்ணகிரி பக்கம், சரளை கலந்த செம்மண்ணு, போர் தண்ணி அந்த மூலைக்கு எட்டாது, அதனாலதான் தண்ணி கேக்காத செடியா பாத்து இத முடிவு பண்ணேன். ரோட்டோரத்துல காஞ்ச காய் பறிச்சு விதை எடுத்து ட்ரேல தென்னைநார் கழிவு போட்டு ஊனி தினம் தண்ணி தெளிக்கிறேன், ஒண்ணு ரெண்டு தலை காட்டுச்சு, மீதி அப்படியே கெடக்கு. தோண்டிப் பாத்தா அழுகவும் இல்ல, ஊறவும் இல்ல, போட்ட அன்னைக்கு இருந்த மாதிரியே பளபளன்னு இருக்கு. தரிசுல யாரும் ஊனாமலே தானா மொளச்சு நிக்குற செடி, நாம பாத்து பாத்து பண்ணா ஏன் வரமாட்டேங்குது? நாத்தா வாங்கி வெக்கலாமா, எத்தனை அடிக்கு ஒண்ணு, எந்த மாசம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மானாவாரி மணி

ஊறலன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பதில் இருக்கு. ஆவாரை விதைக்கு மேல்தோலு தண்ணி புகாது. உள்ள உயிரு நல்லாத்தான் இருக்கும், ஆனா தண்ணி உள்ள போனாத்தான முளைக்கும். ட்ரேல வெச்சு நீங்க மாசக்கணக்குல தெளிச்சாலும் விதைக்கு மழை பேஞ்சதே தெரியாது.

வழி சிம்பிள். தண்ணிய கொதிக்க வெச்சு அடுப்ப அணைச்சிட்டு ஒரு நிமிஷம் விட்டு, விதை இருக்குற பாத்திரத்துல ஊத்துங்க, விதைய விட நாலஞ்சு மடங்கு தண்ணி இருக்கணும். அப்படியே ராத்திரி பூரா விட்ருங்க. காலைல பாத்தா கொஞ்ச விதை உப்பி பெருசா இருக்கும், அத மட்டும் எடுத்து அன்னைக்கே ஊனிருங்க. உப்பாதத திரும்பவும் அதே மாதிரி. அடுப்புல வெச்சே வேகவிட்டுறாதீங்க, அப்புறம் சுண்டல்தான் கெடைக்கும்.

தானா முளைக்குதேன்னா, தரிசுல அந்த விதை வெயில்ல காஞ்சு, மண்ணுல உரசி, ராத்திரி பகல் சூடு மாறி மாறி தோலு வெடிச்சு வர்றதுக்குள்ள ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆயிருக்கும். ஒரே மழைக்கு எல்லாமே மொளச்சு அடுத்து வெயில் அடிச்சா வம்சமே போயிருமில்ல, அதான் செடி தவணை தவணையா விடுது. நாமதான் ஒரே நாள்ல வேணும்னு நிக்குறோம்.

மாடித்தோட்ட மங்கை

நான் சுடுதண்ணிக்கு பயந்துகிட்டு உப்புத்தாள்ல தேய்ப்பேன். கொஞ்சமா விதை இருந்தா இதுதான் பெஸ்ட். ஒவ்வொரு விதையையும் அகலமான பக்கத்துல ரெண்டு இழுப்பு இழுங்க, உள்ள இருக்குற வெளிறின நிறம் லேசா தெரிஞ்சதும் நிறுத்திடணும். ஒரு முனை கூரா இருக்கும்ல, முளை வர்ற இடம், அந்தப் பக்கம் மட்டும் கை வெக்காதீங்க. அப்புறம் சாதா தண்ணில ராத்திரி ஊறவெச்சா போதும். நகவெட்டியால ஓரத்துல ஒரு சின்ன கிள்ளு கிள்ளினாலும் ஓகே. வேலி முழுக்க வெக்குற அளவுக்கு இப்படி உக்காந்து தேய்ச்சா கை போயிரும், உங்களுக்கு மணி அண்ணா சொன்னதுதான் சரி.

ஆசிட்ல போட்டு எடுக்கலாம்னு வீடியோல சொல்றாங்க, ஆராய்ச்சி பண்றவங்க செய்றதுதான், ஆனா வீட்டுல கந்தக அமிலத்தோட விளையாட வேணாம் ப்ளீஸ்.

கரிசல் குருவி

ஏலே அதுக்கு முன்னாடி விதையப் பாத்தியளா? ஆவாரங்காயில வண்டு விழும், பயறுல விழுகுத மாதிரி. காஞ்ச காய உரிச்சா விதையில சின்னதா வட்ட ஓட்டை இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. ஓட்டை விழுந்தத எல்லாம் தூக்கிப் போட்டுருங்க. தண்ணியில மெதக்குறதும் பெரும்பாலும் இந்த மாதிரி கேஸுதான். ஒரு காயில பத்துலருந்து இருவது விதை வரைக்கும் இருக்கும், காய் தவிட்டு நிறமாகி தட்டையா பேப்பர் கணக்கா சலசலன்னு ஆனப்பெறவு பறிக்கணும். பச்சையில பறிச்சு காயப்போட்டா சுருங்குன விதைதான் மிஞ்சும்.

நாத்து வாங்குத யோசனைய விடுங்க. இது ஆணிவேர் செடி, சின்னதுலயே வேர நேரா கீழ எறக்கிரும். ட்ரேயில இருந்து புடுங்கி நட்டா முக்காவாசி காஞ்சு போகும். எடத்துலயே விதைய ஊனுங்க, குழிக்கு மூணு நாலு விதை, விரல்கடை ஆழம், அதுக்கு மேல ஆழம் வேண்டாம். வந்ததுல நல்லத ஒண்ண விட்டுட்டு மத்தத கிள்ளிருங்க.

சரளைக்காட்டான்

@மணி @மங்கை ரொம்ப நன்றி. @கரிசல் அண்ணே, ஓட்டை நெறைய இருக்கு, இப்பதான் எடுத்து பாத்தேன், பாதிக்கு பாதி போச்சு. இன்னொரு சந்தேகம். பக்கத்து டவுன் நர்சரில ஆவாரைன்னு ஒரு செடி குடுத்தாங்க, பூ மஞ்சள்தான், ஆனா இலை கொஞ்சம் பெருசா, அஞ்சு ஜோடிதான் இருக்கு, கசக்குனா ஒரு மாதிரி நாத்தம். இதுவும் ஆவாரைதானா?

மானாவாரி மணி

நாத்தம் அடிக்குதுன்னா அது பொன்னாவரையா இருக்கும். பேர்ல ஆவரை இருக்கு, ஆள் வேற. பூவைப் பாத்து அடையாளம் சொல்லாதீங்க, இந்தக் குடும்பத்துல பாதிப்பேரு மஞ்சப்பூதான். ஆவாரைக்கு இலைக்காம்பு தண்டுல சேருற இடத்துல காது மடல் மாதிரி ரெண்டு பெரிய செதில் ஒட்டிட்டு நிக்கும், உதிராது. தாவரவியல்ல அதுக்கு வெச்ச பேரே அதனாலதான், சென்னா ஆரிகுலேட்டா. முன்னாடி காசியா ஆரிகுலேட்டான்னு சொல்லிட்டு இருந்தாங்க. சின்ன இலைங்க எட்டுலருந்து பன்னெண்டு ஜோடி, நுனி மழுங்கி இருக்கும், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவுல ஒரு குட்டி சுரப்பி நீட்டிட்டு இருக்கும். இந்த மூணும் இருந்தா கண்ண மூடிட்டு ஆவாரைதான்.

மருந்துக்கடை மாறன்

பொன்னாவரை விஷயத்துல ஜாக்கிரதையா இருங்க, குழந்தைங்க இருக்குற வீடுன்னா செடியவே எடுத்துருங்க. மேற்கு உத்தரப் பிரதேசத்துல வருஷா வருஷம் குளிர் ஆரம்பிக்குற நேரத்துல சின்னக் குழந்தைங்க திடீர்னு மயங்கி இறந்துட்டு இருந்தாங்க, மூளைக்காய்ச்சல்னு நெனச்சுட்டு இருந்தது கடைசில பொன்னாவரை விதைய விளையாட்டா தின்னதுன்னு அங்க இருக்குற டாக்டருங்க கண்டுபிடிச்சாங்க. கல்லீரல், தசை, மூளை மூணையும் தாக்கும். வறுத்து காப்பிக்கு பதிலா குடிக்கிற பழக்கமும் சில நாட்டுல உண்டு, வறுக்காத பச்சை விதை கதையே வேற.

அதே மாதிரி நிலாவரையும் ஆவாரை இல்ல. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் வயல்ல பயிரா போட்டு ஏத்துமதி பண்றாங்களே, அது மலச்சிக்கலுக்கு. ஆவாரம்பூ டீன்னு நெனச்சு நிலாவரைய போட்டுக் குடிச்சிட்டு ராத்திரி பூரா பாத்ரூம்ல உக்காந்த கதை எங்க கடைல வந்து சொன்னவங்க உண்டு :)

யாழ் தென்றல்

எங்கட பக்கம் ஆவரசு எண்டுதான் சொல்லுறது. மன்னார்ப் பக்கம் ரோட்டுக்கரை முழுக்க நிக்கும், உப்புக்காத்து அடிக்கிற இடத்திலயும் வடிவா பூக்கும். தெற்கில சிங்கள ஆக்கள் ரணவரா எண்டு சொல்லி பூவைக் காயவைச்சு அவிச்சுத் தேத்தண்ணிக்குப் பதிலாக் குடிக்கிறவை. உவர் நிலத்திலயும் தாக்குப் பிடிக்கும் எண்டுறதைச் சொல்லத்தான் வந்தனான், மண்ணைப் பற்றி யோசிக்காதேங்கோ. தண்ணி தேங்கிற பள்ளத்தில மட்டும் வைக்காதேங்கோ.

புதுவிவசாயி

ஆவாரை பயறு குடும்பம் தானே, அப்ப வேர்முடிச்சு இருக்கும், காத்துல இருக்குற தழைச்சத்த மண்ணுல புடிச்சு வெக்கும். வேலியோரம் வெச்சா பக்கத்துல இருக்குற பயிருக்கு யூரியா மிச்சம்னு சொல்லலாம்ல? நான் என் நிலத்துல வரப்பு பூரா இதுக்காகவே போடப்போறேன்.

மானாவாரி மணி

அதுதான் இல்ல தம்பி. குடும்பம் அதுதான், ஆனா சென்னா வகையறாவுக்கு வேர்முடிச்சு கிடையாது. சந்தேகம்னா மழை பேஞ்சப்ப ஒரு இளஞ்செடிய மண்ணோட தோண்டி வேர அலசிப் பாருங்க, பக்கத்துலயே ஒரு கொளுஞ்சியையும் தோண்டுங்க. கொளுஞ்சில உருண்டை உருண்டையா முடிச்சு இருக்கும், நறுக்குனா உள்ள செவப்பு. ஆவாரைல வெறும் வேரு. சரக்கொன்றையும் அப்படித்தான். மஞ்சப்பூவும் வேணும் முடிச்சும் வேணும்னா கிலுகிலுப்பையோ சணப்போ போடுங்க.

புதுவிவசாயி

அப்ப எங்க தாத்தா நெல்லு வயலுக்கு ஆவாரந்தழைய வெட்டிப் போட்டு மிதிச்சாருன்னு சொல்றாங்களே, அது சும்மாவா?

கரிசல் குருவி

சும்மா ஒண்ணும் இல்ல. ரெண்டும் வேற வேற. காத்துல இருந்து புடிக்கலைன்னாலும் ஆழத்துல இருக்குற சத்த ஆணிவேரு இழுத்து இலையில சேக்கும், நீ தரிசுல வெட்டி வயல்ல போடும்போது தரிசோட சத்து வயலுக்கு வந்துருது, அம்புட்டுதான் கணக்கு. களர் உவர் நிலத்துக்கு ஆவாரை, எருக்கு, வேம்புன்னு வெட்டிப் போட்டு சேத்துல மிதிக்குறது ரொம்ப பழைய வழக்கம், தழை மக்குறப்போ மண்ணும் கொஞ்சம் இளகும். ஆனா வரப்புல செடி நிக்குறதாலேயே பயிருக்கு யூரியா வந்துரும்னு எதிர்பாக்காதய்யா. கவாத்து பண்ணி தழைய உள்ள போடு, அப்ப பிரயோசனம்.

கொங்கு மைந்தன்

ஏனுங்க, ஆடு மாடு கடிக்காதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா? எங்க வேலில வெச்சா வெள்ளாடு உட்டு வெக்குமா?

கரிசல் குருவி

மாடு தொடாது. வெள்ளாடு முதல்ல வேற எல்லாத்தையும் தின்னுட்டு வழி இல்லன்னா கொழுந்தக் கடிக்கும். முதல் வருஷம் மட்டும் முள்ள வெட்டிப் போட்டு காப்பாத்துங்க, அப்புறம் தண்டு முத்திரும். ஆனா ஒண்ணு சொல்லிருதேன், இது ஆள் உயரத்துக்கு வர்ற புதர்ச் செடி, முள்ளும் கெடையாது. வேலிக்கு அழகா, காத்துத் தடுப்பா நிக்கும், இத மட்டும் நம்பி ஆட்டை தடுக்க முடியாது. கம்பிவேலி இருக்குன்னு சொன்னதால சரி.

சரளைக்காட்டான்

அப்ப இடைவெளி எவ்ளோ விடட்டும்? அடர்த்தியா வரணும்.

மானாவாரி மணி

அடர்த்தியான வரிசைன்னா மூணு அடி, தனித்தனி புதரா அழகா பரவணும்னா அஞ்சு அடி. ஆடிப்பட்டத்துல ஒரு மழை நனைஞ்சதும் ஊனுங்க, அப்பத்தான் ஐப்பசி மழை வர்றதுக்குள்ள வேரு கீழ போயிருக்கும். சுடுதண்ணில போட்ட விதைய காஞ்ச மண்ணுல ஊனாதீங்க, அது ஏற்கனவே தண்ணி குடிச்சிருச்சு, திரும்ப காஞ்சா செத்துரும், அதனால மண்ணு ஈரமா இருக்குறப்போ மட்டும். சும்மா கால்வாசி விதைய எந்த வைத்தியமும் பண்ணாம அதே வரிசைல தூவி விடுங்க, இந்த வருஷம் வந்தது போனாலும் அடுத்த வருஷம் அது வரும்.

பை நாத்து கட்டாயம் வேணும்னா நல்ல ஒசரமான பாலித்தீன் பைல போட்டு, வேரு அடில முட்டி சுருளுறதுக்கு முன்னாடியே, ரெண்டு மூணு மாசத்துல மழையோட நட்ருங்க. குச்சி வெட்டி நடுறதுல நேரத்த செலவு பண்ணாதீங்க.

உரம் வேணாம். நெசமாதான் சொல்றேன். எரு அள்ளிப் போட்டு சொட்டுநீர் குடுத்து வளத்த ஆவாரையைப் பாத்திருக்கேன், இலையா தளதளன்னு வளந்து காத்துக்கு சாயுது, பூ எங்கன்னு தேடணும். முதல் கோடைக்கு மட்டும் ரொம்ப வாடுனா வாரத்துக்கு ஒரு குடம், அப்புறம் மறந்துருங்க.

மாடித்தோட்ட மங்கை

மாடில வளக்குறவங்களுக்கும் இதுதாங்க. பதினெட்டு இஞ்ச் தொட்டி இல்ல அதே அளவு க்ரோபேக், பாதிக்கு பாதி மண்ணு மணல், கொஞ்சூண்டு மக்கின எரு, அடில ஓட்டை நல்லா. மத்த செடிங்களோட சேத்து தினம் தண்ணி ஊத்துனா வேரழுகல் வரும், இலை மஞ்சளாகி கொத்தா கொட்டும். நாள் பூரா வெயில் விழுற மூலைல தனியா வைங்க. நிழல் இருந்தா நெட்டு நெட்டா போகும், பூக்காது.

பூத்து முடிச்சதும் மூணுல ஒரு பங்கு வெட்டி விடுங்க. பூ புதுக்கிளையோட நுனிலதான் வரும், அதனால எவ்ளோ புதுக்கிளையோ அவ்ளோ பூ. காய் பிடிக்க விட்டா அடுத்த சுத்து பூ குறையும், விதை வேணும்னா மட்டும் ரெண்டு கொத்து விடுங்க.

வண்டு பார்வை

காய் பிடிக்கலைன்னு மாடித்தோட்டக்காரங்க அடிக்கடி கேக்குறாங்க, அதுக்கு ஒரு காரணம் இருக்கு, இதுதான் எனக்கு இந்த செடில ரொம்பப் புடிச்ச விஷயம், கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க.

ஆவாரம்பூவுல தேன் கிடையாது. சுத்தமா இல்ல. வர்ற பூச்சிக்கு கூலி மகரந்தம் மட்டும்தான், அதையும் சும்மா குடுக்காது. பூவுக்குள்ள பத்து மகரந்தத்தாள் இருக்கும், மேல இருக்குற மூணும் சும்மா பேருக்குத்தான், குட்டியா மலடா நிக்கும். மத்ததுல கீழ இருக்குற ரெண்டு மூணு நீளமா வளைஞ்சு இருக்கும். சாதாரண பூவுல மகரந்தப்பை வெடிச்சு தூள் வெளிய கொட்டிக் கெடக்கும்ல, இதுல நுனில சின்ன துவாரம் மட்டும்தான், உப்பு டப்பா மாதிரி குலுக்கினாத்தான் வரும். அந்தக் குலுக்கல குடுக்கத் தெரிஞ்சது நீலக்கருப்பா பெருசா ங்ங்ங்னு வருமே, மரத்துல ஓட்டை போடுற தச்சுவண்டு, அதுதான். பூவைக் கட்டிப் புடிச்சிட்டு றெக்கைய அடிக்காம உடம்புத் தசைய மட்டும் அதிர வெக்கும், அந்த சத்தம் பறக்குற சத்தத்தை விட கீச்சுன்னு இருக்கும், பக்கத்துல நின்னு கேட்டா வித்தியாசம் தெரியும். நடுவுல இருக்குற தாள்ல இருந்து அது சாப்பாட்டுக்கு எடுக்குறப்போ நீளமான தாள் அதுக்குத் தெரியாம உடம்புல தூள அடிச்சு விட்ருது, அடுத்த பூவுக்கு அந்தத் தூள்தான் போகுது. நம்ம பொந்துத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது, சிந்துனத பொறுக்கிட்டு போகும்.

அதனால ஆவாரை வேணும்னா பட்டுப்போன மரக்கட்டை, காஞ்ச மூங்கில் ரெண்டு வேலியோரம் கெடக்கட்டும், எல்லாத்தையும் எரிச்சு சுத்தம் பண்ணிடாதீங்க. வண்டு குடியிருக்குறது அதுலதான்.

கொங்கு மைந்தன்

அந்த வண்ட பாத்தா கொட்டும்னு அடிச்சுப் போடுவோமுங்க இத்தன நாளா.

வண்டு பார்வை

ஆண் வண்டுக்கு கொடுக்கே இல்லங்க. பொண்ணு கையில புடிச்சு நசுக்குனாத்தான் கொட்டும், அதுபாட்டுக்கு விட்ருங்க. அதே மாதிரி இலைல பச்சையா புழு இருந்தா மருந்து அடிக்காதீங்க, வெளிர் மஞ்சளா கூட்டங்கூட்டமா பறக்குமே பட்டாம்பூச்சி, அதோட புள்ளைங்க அது. இலைய மொட்டை அடிச்சாலும் அடுத்த மழைக்குத் துளுத்துரும்.

தோல்ஷாப் பேரன்

எங்க தாத்தா காலத்துல வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான் மூட்டை மூட்டையா வரும். பட்டைல துவர்ப்புச்சத்து ஜாஸ்தி. மெட்ராஸ்ல இருந்து சீமைக்குப் போன தோலெல்லாம் இதுல பதம் பண்ணதுதான், பின்னாடி தென்னாப்பிரிக்கால இருந்து வாட்டில் பட்டை, அப்புறம் குரோமியம்னு வந்து இது ஓரமா போச்சு. பட்டைய உரிச்சா செடி போயிரும், அதனால அடியோட வெட்டி குச்சில உரிப்பாங்களாம், அடிக்கட்டை திரும்பத் துளுக்கும். வளக்குறவங்களுக்கு இதுல சேதி என்னன்னா, வயசாகி அடி மொட்டையான செடிய முழங்கால் உயரத்துக்கு வெட்ட பயப்படாதீங்க.

கொங்கு மைந்தன்

எங்களுக்கு ஆவாரைன்னா காப்புக்கட்டுதானுங்க. போகியன்னைக்கு பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரங்கொத்து மூணையும் சேத்து கட்டி வீட்டு எறவாணம், தொட்டி, காடு, கெணறு எல்லாத்துலயும் சொருகோணும். இப்ப டவுன்ல இருந்து வேன் போட்டுட்டு வந்து ரோட்டோரத்துல இருக்குறத வேரோட புடுங்கி கட்டு கட்டி விக்கறாங்க, எங்கூர்ல பள்ளத்தோரம் முன்னாடி இருந்த பொதருல பாதி இல்லீங்க. வேலில வெச்சா தை மாசத்துக்கு பூ இருக்குமுங்களா?

மானாவாரி மணி

இருக்கும். வருஷம் பூரா அங்கங்க பூக்கும், ஆனா ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு பனி விழுறப்போதான் உச்சம். புரட்டாசில லேசா நுனி கிள்ளி விட்டீங்கன்னா போகிக்கு கொத்து கொத்தா நிக்கும். முதல் வருஷம் எதிர்பாக்காதீங்க, ரெண்டாவது தைக்கு கேரண்டி. தெலங்கானாக்காரங்க இதத்தான் தங்கேடுன்னு மாநிலப் பூவா வெச்சிருக்காங்க, பதுகம்மாவுக்கு அடுக்குறதும் இதுதான், அவங்களுக்கும் இதே தட்டுப்பாடு இருக்கும்னு நெனைக்கிறேன்.

சும்மா வந்தேன்

ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோன்னு சொல்வாங்க, சுகருக்கு டெய்லி குடிச்சா மாத்திரையே வேணாமாமே?

மருந்துக்கடை மாறன்

வேணாம்னு யாரு சொன்னா? எலிகளுக்குக் குடுத்து பாத்ததுல சர்க்கரை குறைஞ்சது உண்மை. அத வெச்சு மாத்திரைய நிறுத்துறது வேற விஷயம். மாத்திரையோட சேத்து தினம் கஷாயமா குடிச்சு சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் ஆபத்துதான், டாக்டர்கிட்ட சொல்லிட்டு குடிங்க. கூட்டு, பொரியல்னு எப்பவாவது பூவை சாப்பிடுறதுல பயமில்ல. பறிக்குறது காலைல, நிழல்ல காய வெக்கணும், வெயில்ல காஞ்சா நிறம் போயி பழுப்பாயிடும். ரோட்டோர செடில பறிக்காதீங்க, புகையும் தூசியும் அப்பியிருக்கும். வீட்டுல வளக்குறதுக்கு இது ஒண்ணே போதும் காரணம்.

புதுவிவசாயி

ஒரே ஒரு கேள்வி. சீக்கிரம் மஞ்சளா பூக்கணும்னு மஞ்சக்கொன்றை கன்னு வெக்கச் சொல்றாங்க, வேகமா வளருமாம். அதுவும் சென்னாதானாமே?

வண்டு பார்வை

அய்யோ வேணாம். நீலகிரி, முதுமலை, சத்தியமங்கலம் காட்டுல அது பரவி மத்த செடிய எதையும் வளர விடாம பண்ணதால அரசே வெட்டி காகித ஆலைக்கு அனுப்பிட்டு இருக்கு. தென் அமெரிக்கா பக்கத்து மரம், வெட்டினாலும் அடில இருந்து திரும்ப வரும். யாரு கன்னு குடுத்தாலும் திருப்பிக் குடுத்துருங்க.

சரளைக்காட்டான்

நல்லவேளை கேட்டீங்க, எனக்கும் அதத்தான் முதல்ல காட்டினாங்க. நான் ஆடி வரைக்கும் விதைய காய வெச்சு வெக்குறேன். காத்து போகாத டப்பால போடலாமா, துணிப்பைலயா?

கரிசல் குருவி

மொதல்ல நல்லா வெயில்ல காயப்போடு, ஓட்டை விழுந்தத பொறுக்கிரு, அப்புறம் மூடி இறுக்கமான டப்பாவுல அடுப்புச் சாம்பல் ஒரு கை சேத்து வை. துணிப்பையில போட்டா மிச்சம் இருக்குற வண்டு உள்ளுக்குள்ளயே குடித்தனம் நடத்திரும். கெட்டியான தோலு, வருஷக்கணக்கா கெடந்தாலும் கெடாது. சுடுதண்ணி வைத்தியம் மட்டும் ஊனுறதுக்கு மொத நாள் ராத்திரி, அதுக்கு முன்னாடி பண்ணிராத.